தலாகல ஓயாவும் கிரெகரி வாவியும்

நுவரெலியா நகருக்கு வருவோர் முதலிற் காண விரும்புவது கிரெகரி வாவியையே. சித்திரை மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டத்தின்போது அதன் கரையில் நிற்க இடம் கிடைப்பது அரிது. படகு விடுவோர் ஒருபுறம், குதிரைச் சவாரி செய்வோர் ஒருபுறம், சோளப்பொத்தி அவிப்போர் ஒருபுறமாக வாவிக்கரை திருவிழாக்கோலம் பூண்டிருக்கும். ஆயினும் இவ்வாவிக்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகல மலை 2,524 மீட்டர் உயரமுடையது. அம்மலையின் குளிர்க்காட்டிற் பிறந்து, சரிவு வழியே இறங்கி, நகரத்தின் ஊடே ஓடி வாவியில் விழுகின்ற சிற்றாற்றுக்குத் தலாகல ஓயா என்று பெயர். நகரத்துப் பாலத்தின்மேல் நின்று அதனைக் குனிந்து பார்ப்பவருக்கு அஃது ஓர் ஆறு என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை. மலைநாட்டுத் தமிழர் கழிவுநீர் ஓடும் வாய்க்காலைக் 'கான்' என்பர். அவர்கள் இதனையும் ஒரு பெரிய கான் என்றே எண்ணிக் கடந்து செல்லக்கூடும். ஓர் ஓயா கானாக மாறிய இக்கதை ஏறத்தாழ 200 ஆண்டுக்கால வரலாறு உடையது.

ஆங்கிலேயர் இம்மேட்டுநிலத்துக்கு வந்த ஆண்டு 1819 என்பர். வேட்டைக்கு வந்த அதிகாரிகள் சிலர் இவ்விடத்தின் குளிர்ச்சியைக் கண்டு வியந்தனர். பின்னர்த் தேசாதிபதி எட்வட் பான்ஸ் இங்கே தமக்கு ஒரு மாளிகை எழுப்பினார். நோயுற்ற படைவீரர் உடல்நலம் பெறுவதற்குரிய இடமாக இவ்வூர் வளர்ந்தது. காய்ச்சலால் மெலிந்து 1846-இல் இங்கு வந்து நலம் பெற்றவர்களுள் ஒருவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச்சென்று உலகப் புகழ்பெற்ற அதே பேக்கர்தாம் இவர். இவர் 1848-இல் மீண்டும் வந்து, இங்கிலாந்திலிருந்து மாடுகளையும் கருவிகளையும் ஆட்களையும் கொணர்ந்து, இங்கே ஒரு பண்ணை அமைத்தார். கறுத்த மண்ணைக் கண்டவுடன் அது வளமானது என்றே எவரும் மயங்குவர். பேக்கரும் அவ்வாறே மயங்கினார் போலும். ஆனால் எருவிட்டாலன்றி இம்மண்ணிற் பயிர் விளையாது என்பதை அவர் விரைவிற் கண்டுகொண்டார். நேயர்கள் இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். தலாகல ஓயாவின் கதையில் எரு மீண்டும் ஒருமுறை வரும்.

பேக்கர் தம் நூலில் வேறொரு செய்தியையும் கூறுகின்றார். இப்பள்ளத்தாக்கிலே முற்காலத்தவர் மாணிக்கம் தேடித் தோண்டிய பழைய குழிகளை அவர் கண்டாராம். ஆகவே இந்நிலம் ஆங்கிலேயர் வருமுன் மனிதக் கைபடாத கன்னிநிலமாக இருந்தது என்று எண்ணுதல் பொருந்தாது. ஆனால் குழிதோண்டிய மனிதன் போனபின் புல்லும் சதுப்பும் அக்குழிகளை மூடிக்கொண்டன. பின்னால் வந்தவர்களோ போகவில்லை.

இன்று வாவி இருக்கும் இடம் அக்காலத்திலே சேறும் புல்லும் நிறைந்த சதுப்புநிலமாக இருந்தது. மலையிலிருந்து இறங்கிய ஓயா அச்சதுப்பிற் பரந்து, வேகம் குறைந்து, கொண்டுவந்த மண்ணைப் புல்வேர்களின் இடையில் இறக்கிவிட்டு, தெளிந்த நீராக அப்பால் ஓடியது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் கிரெகரி இந்நிலத்தைப் பார்த்தபோது சதுப்பு அவருக்கு வீணான நிலமாகவே தோன்றியிருக்க வேண்டும். தலாகல ஓயாவுக்குக் குறுக்கே அணைகட்ட 1873-இல் அவர் இசைவு தந்தார். நகரம் விரிவடைவதற்கு நிலம் கிடைத்தது. நகரத்துக்கு அழகிய நீர்ப்பரப்பும் கிடைத்தது. வாவிக்கு அவர் பெயரே நிலைத்தது. இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை நினைவூட்டும் ஒரு காட்சியை இலங்கையின் உச்சியில் உண்டாக்கியதில் அக்காலத்துத் துரைமார் பெருமை கொண்டனர் என்பதில் ஐயமில்லை.

அதே 1873-ஆம் ஆண்டில் இன்னொரு செய்தியும் நிகழ்ந்தது. இலண்டன் மாநகரையடுத்த கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரான ஜோசப் ஹூக்கர், இலங்கையின் மலைக்காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக அழிக்கப்படுவதைக் கண்டித்து, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடவேண்டும் என்று ஆலோசனை கூறினார். அதனை அரசாங்கம் ஏற்று ஆணை பிறப்பித்தது. ஹோட்டன் சமவெளியின் காடு இன்றும் எஞ்சி நிற்பதற்கு இவ்வாணையே முதற் காரணம். நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருக்கும் ஊர். ஓயாவின் தலையை மூடியிருந்த காட்டைக் காப்பதற்கு ஆணையிட்ட அதே ஆண்டில், அதன் மடியில் இருந்த சதுப்பை நீரில் மூழ்கடிப்பதற்கும் அரசாங்கம் ஆணையிட்டது. காடு நீரைத் தருவது என்பது அன்றே தெரிந்திருந்தது. சதுப்பு நீரைத் தெளிவிப்பது என்பது தெரியவில்லை. அக்காலத்து அறிவுக்கு அது குற்றமாகாது; ஆனால் அதன் விளைவு இன்றுவரை தொடர்கின்றது.

ஓடுகின்ற நீர் மண்ணையும் மணலையும் சுமந்து செல்லும். அதே நீர் வாவியில் நுழைந்து நின்றவுடன் சுமையைக் கீழே இறக்கிவிடும். முதலிற் பருமணல் படியும். பின்னர் வண்டல் படியும். நுண்ணிய களி நீரிலே பல நாள் மிதந்து கலங்கலை உண்டாக்கும். ஆகையால் மேலே மலைச்சரிவில் என்ன நடந்தாலும் அதன் கணக்கை வாவி அடியில் எழுதி வைத்துக்கொள்ளும். அணைகட்டிய நாள்முதல் கிரெகரி வாவி இவ்வாறு ஒரு கணக்குப் புத்தகமாகவே இருந்து வருகின்றது.

தொடக்கத்தில் அக்கணக்கு அச்சம் தரத்தக்கதாக இருக்கவில்லை. 1880-களின் தொடக்கத்தில் துரைமாரின் பொழுதுபோக்குக்காக இம்மலைநாட்டு நீர்நிலைகளில் ட்ரவுட் என்னும் மீன் விடப்பட்டது. அது குளிர்ந்த நீரிலும், பிராணவாயு நிறைந்த நீரிலும், கூழாங்கற்கள் கிடக்கும் அடியிலுமே வாழும் இயல்புடையது. அத்தகைய மீனை இங்கே வளர்க்கலாம் என்று அக்காலத்தவர் துணிந்ததே அன்றைய நீரின் தூய்மைக்குப் போதிய சான்று. 1912-ஐ ஒட்டி வாவியின் நீரைச் சுரங்க வழியாகக் கொண்டுசென்று, நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூல் என்ற இடத்தில் மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கினர். அம்முயற்சியில் ஈடுபட்ட பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திரா, பின்னர் 1918-இல், இலங்கையின் நீர்வலுவை நாட்டின் பொருளாதாரத்துக்குப் பயன்படுத்தும் வழியை விளக்கி ஓர் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். 1950-இல் திறக்கப்பட்ட லக்ஷபான மின்நிலையம் அந்தக் கனவின் பயன். ஆகவே இலங்கையின் நீர்மின்சார வரலாற்றிலே தலாகல ஓயா என்னும் இச்சிற்றோடைக்கும் ஓர் இடம் உண்டு. மின்விளக்கின் கீழிருந்து படிக்கும் மலைநாட்டுப் பிள்ளைகளுள் எத்தனைபேர் இதனை அறிவர் என்பது தெரியவில்லை.

இனிச் சரிவுகளின் நிலையைப் பார்ப்போம். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவியது. புகையிரதம் 1884-இல் ஹற்றனையும் 1885-இல் நானுஓயாவையும் அடைந்தது. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட மக்கள் காட்டை வெட்டினார்கள், கல்லைப் பெயர்த்தார்கள், கன்று நட்டார்கள். அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று கான் வெட்டுதல். மலைச்சரிவின் குறுக்கே வரிசை வரிசையாக வெட்டப்பட்ட அக்கான்களும், அவற்றின் இடையிடையே தோண்டிய மண்குழிகளும் மழைநீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைப் பிடித்துவைப்பதற்காக ஏற்பட்டவை. ஆனால் நெடுங்காலம் துரைமார் வேறொரு பழக்கத்தையும் கைக்கொண்டிருந்தனர். தேயிலைச் செடிகளுக்கு இடையில் ஒரு புல்கூட நிற்கக்கூடாது என்று சுரண்டியால் நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்தனர். தோட்டம் பார்வைக்கு அழகாயிருந்தது. மேல்மண் மட்டும் ஆண்டுதோறும் மழையோடு போயிற்று. மண்ணரிப்பைப் பற்றி ஆராய அரசாங்கம் நியமித்த குழுவின் அறிக்கை 1931-இல் வெளிவந்தது. அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 1951-இல், மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் பிறப்பதற்கு ஆன காலத்திற் போன மண்ணை எவரும் மீட்கவில்லை.

ஓயாவின் தூய்மை கெடுவது தோட்டத்து மக்களுக்குக் காட்சியழகைப் பற்றிய கவலையன்று. அவர்களுடைய அன்றாட வாழ்வே மலையிலிருந்து வரும் நீரோடு கட்டுண்டது. மூங்கிற் குழாயாலோ தகரக் குழாயாலோ ஊற்றுநீரைக் கொண்டுவந்து விழச்செய்யும் இடத்தைப் 'பீலி' என்பர். குடிநீர் எடுப்பதும், குளிப்பதும், துணி தோய்ப்பதும், ஊர்க்கதை பேசுவதும் பீலிக்கரையிலேதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. லயத்துக்கு மலசலகூடம் இல்லாத காலத்தில் மக்கள் தேயிலைச் செடிகளின் மறைவையும் ஆற்றங்கரையையும் நாடினர். மழை பெய்தால் அவ்வழுக்கு எங்கே செல்லும்? மேல்மலை லயத்தின் அழுக்கு கீழ்மலை லயத்தின் பீலிக்கு வந்து சேரும்.

இதன் பயனாகப் பரவிய நோய்களுள் கொடியது கொக்கிப்புழு நோய். மண்ணிற் கலந்த மலத்திலே வளரும் இப்புழு, வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்து உடம்பிற் புகும். குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சி மனிதனைச் சோகை பிடித்தவனாக்கும். 1916-இல் அமெரிக்க நாட்டு ரொக்கபெலர் அறநிலையத்தின் துணையோடு இலங்கைத் தோட்டங்களில் இந்நோயை ஒழிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலோருக்கு இப்புழு இருந்தது. மருந்து கொடுத்தனர், புழு வெளிப்பட்டது, நோயாளி தேறினான். ஆயினும் சில மாதங்கள் கழித்து அவனே மீண்டும் நோயாளியானான். மருந்து குடலைத் தூய்மை செய்தது. மண்ணோ பழைய மண்ணாகவே இருந்தது. மலசலகூடம் கட்டினாலன்றி மருந்தால் நிலையான பயனில்லை என்று வைத்தியர்கள் வற்புறுத்தினர். அதற்கு ஆகும் செலவை நினைத்துத் தோட்டச் சொந்தக்காரர் பலர் தயங்கினர். மருந்து மலிவு, கூடம் கட்டுதல் செலவு. அத்தோடு தொழிலாளர் மலசலகூடத்தைப் பயன்படுத்த அறியாதவர் என்று பழியையும் அவர்கள்மேற் சுமத்தினர். கட்டிக்கொடுக்காத ஒன்றைப் பயன்படுத்தவில்லை என்று குறைகூறுவது எவ்வகை நியாயமோ!

கொக்கிப்புழுவின் இவ்வரலாறு கிரெகரி வாவிக்கும் அப்படியே பொருந்தும். வாவி சேற்றால் நிரம்பும்போதெல்லாம் சேற்றை அள்ளுவதும், பாசி படரும்போதெல்லாம் பாசியை வாருவதும் குடலுக்கு மருந்து கொடுப்பது போன்றவை. சேறும் பாசியும் பிறக்கும் இடம் மேலே இருக்கின்றது.

சட்டம் இல்லாமற்போகவில்லை. பொதுத்தொல்லைகளைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் 1862-லேயே உண்டாயிற்று. 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலே பொது ஊற்றையும் நீர்த்தேக்கத்தையும் அழுக்காக்குவது குற்றமாகக் கூறப்பட்டுள்ளது. 1980-இல் தேசியச் சுற்றாடற் சட்டம் வந்தது; அதன்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது. ஒருவன் வாளியில் அழுக்கைக் கொண்டுவந்து ஓயாவிற் கொட்டினால் இச்சட்டங்கள் அவனைப் பிடிக்கும். ஆனால் ஆயிரம் பாத்திகளிலிருந்து ஆயிரம் சிறு வழிகளாக மழையோடு இறங்கும் மண்ணுக்குக் குற்றவாளி யார்? சரிவுக்குச் சம்மன் அனுப்ப முடியுமா?

அவ்வாறு பாத்திகள் பெருகியதற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. நாட்டின் அந்நியச் செலாவணி குறைந்தபோது, 1967-இல், உருளைக்கிழங்கை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. உள்ளூர் கிழங்குக்கு நல்ல விலை கிடைத்தது. நுவரெலியா, கந்தப்பளை முதலிய பகுதிகளில் கிழங்கும் லீக்ஸும் கரட்டும் கோவாவும் மலைச்சரிவுகளில் ஏறின. தோட்டத்தில் நாட்சம்பளம் பெற்றுவந்த குடும்பங்கள் சில, லயத்துக்கு அருகில் கிடைத்த துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. அரசாங்கம் விளைவிக்கச் சொன்னது, நாடு வாங்கி உண்டது, கமக்காரன் விளைவித்தான். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவன் விளைவித்த கரட்டை உண்டவர்கள் அவன்மேல் மட்டும் பழிபோடுவது முறையன்று.

ஆயினும் நிகழ்ந்தது நிகழ்ந்ததே. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் நிலத்தை மூடி நிற்கும். மரக்கறிப் பாத்தியோ ஆண்டிற் பலமுறை கிண்டப்பட்டு வெறும் மண்ணாகக் கிடக்கும். அந்நேரத்தில் ஒரு பெருமழை வந்தால் போதும். பேக்கர் கண்ட அதே கறுத்த மண். எருவின்றி விளையாத மண். ஆகவே கமக்காரர் கோழி எருவை மூடை மூடையாக இடுகின்றனர். அதன்மேல் இரசாயன உரமும் இடுகின்றனர். உரத்திலுள்ள பொசுபரசு பெரும்பாலும் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு செல்லும். நைத்திரேற்று நீரிற் கரைந்து செல்லும். இரண்டும் வாவியை அடைந்தால், வயலில் பயிரை வளர்த்த அதே உரம் நீரிலே பாசியை வளர்க்கும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு செலவாகிப்போகும். அந்நிலையில் ட்ரவுட் மீன் வாழுமா என்று கேட்கவேண்டியதில்லை.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, நீர்நிலைகள் இனித் தெளிந்துவிடும் என்று சிலர் மகிழ்ந்தனர். நுவரெலியாக் கமக்காரரோ பயிரை இழந்து வீதியில் இறங்கினர். அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஒன்றை அன்று பலர் மறந்திருந்தனர். கோழி எருவிலும் பொசுபரசு நிறைய உண்டு. மண்ணரிப்பைத் தடுக்காதவரை இயற்கை எருவும் ஓயாவுக்குத்தான் செல்லும். மண்ணை நிறுத்தாமல் உரத்தை மட்டும் நிறுத்தியது கால்வழியை விட்டுத் தலைவழியை மட்டும் அடைத்ததை ஒக்கும்.

மலைச்சரிவோடு கதை முடியவில்லை. ஓயா நகரத்துக்குள்ளும் வரவேண்டும். ஒருகாலத்தில் துரைமாரின் சில மாளிகைகளும் ஒரு சிறு கடைவீதியும் மட்டும் இருந்த ஊர் இன்று விடுதிகளால் நிறைந்துள்ளது. நெருக்கமாக எழுந்த கட்டடங்களின் மலக்குழிகளும், சமையற் கழிவும், வாகனம் கழுவும் நீரும் கான்களைத் தேடுகின்றன. கான்கள் ஓயாவைத் தேடுகின்றன. சித்திரை மாதத்தில் வரும் கூட்டமோ ஊரின் குடித்தொகையைப் பன்மடங்காக்கிவிடும். இதிலே ஒரு நற்செய்தியும் சொல்லவேண்டும். குப்பையை வெறுமனே கொட்டிவந்த பழக்கத்தை மாற்றி, 2000-ஐ அடுத்த ஆண்டுகளில், ஜப்பானிய அரசாங்க உதவி நிறுவனமாகிய ஜெய்க்காவின் துணையோடு மூன் பிளேன்ஸ் என்ற இடத்தில் முறைப்படி குப்பை புதைக்கும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. குப்பையிலிருந்து வடியும் நீரைத் தனியே பிடித்துத் தெளிவிக்கவேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டு நகரங்களுக்கு அப்போது புதியது.

நுவரெலியாவின் அழுக்கு நுவரெலியாவோடு நிற்பதில்லை என்பது 1991-இல் யாவருக்கும் புலனாயிற்று. வாவியைக் கடந்த நீர் நானுஓயாவாகிக் கொத்மலை ஓயாவிற் கலக்கின்றது. அதன் கீழே 1985-இல் இயங்கத் தொடங்கிய கொத்மலை நீர்த்தேக்கம் உள்ளது. அந்நீர்த்தேக்கத்திலே 1991-இல் நீலப்பச்சைப் பாசி பச்சை வண்ணம் கரைத்து ஊற்றினாற்போலப் பெருகியது. மைக்குரோசிஸ்டிஸ் என்று அறிவியலார் பெயரிட்ட அப்பாசி நஞ்சையும் சுரக்கக்கூடியது. மேல்நிலத்து மரக்கறித் தோட்டங்களிலிருந்து வந்த உரச்சத்து அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று ஆராய்ச்சியாளர் கூறினர். அந்நீர் மகாவலியாகி, 335 கிலோமீட்டர் நீளமுடைய அந்நதியின் முடிவிலே, திருகோணமலையை அடுத்த கொட்டியார்க் குடாவிற் சென்று கடலோடு கலக்கின்றது. மூதூரிலே வயல் விதைப்பவருக்கும் பிதுருதலாகல மலைக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு.

இத்தகைய கதை நமக்கு மட்டும் உரியதன்று. நீலகிரியிலே ஜோன் சலிவன் 1820-களில் மலையோடைகளை மறித்து உதகமண்டல ஏரியை உண்டாக்கினார். அங்கும் நகரம் வளர்ந்தது, கோடப்பமந்து வாய்க்கால் நகரத்துக் கழிவை ஏரிக்குக் கொணர்ந்தது, ஏரி நாறியது. ஏரியைத் தூர்வாருவது பற்றிப் பேசும்போதெல்லாம் வாய்க்காலைப் பற்றியும் பேசவேண்டியதாயிற்று. இலண்டன் மாநகரம் இப்பாடத்தை முன்னரே கற்றது. 1858-ஆம் ஆண்டுக் கோடையிலே தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தின் யன்னல்களுக்குள் புகுந்தது. அதன்பின்னரே பசல்ஜெற் என்னும் பொறியியலாளரின் பெருங்கழிவுநீர்க் குழாய்த் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. அவர் நதியைக் கழுவ முயலவில்லை. நதிக்குச் சமாந்தரமாகக் குழாய் அமைத்து அழுக்கை நதிக்கு வருமுன் மறித்தார். அவர் அழுக்கை ஒழிக்காமல் நகரத்துக்குக் கீழே தள்ளிவைத்தார் என்று சொல்வதும் உண்மையே. 1957-இல் தேம்ஸின் ஒரு பகுதி உயிரற்ற நீர் என்று அறிவியலார் அறிவித்தனர். கழிவுநீரை நன்கு தெளிவித்த பின்னரே அந்நதிக்கு மீன்கள் திரும்பின. நதிகள் மீளக்கூடியவை என்பதற்கு அது சான்று. மீள்வதற்கு ஒரு தலைமுறையும் பல தலைமுறைகளும் ஆகும் என்பதற்கும் அதுவே சான்று.

கிரெகரி வாவிக்குத் திரும்புவோம். உள்நாட்டுப் போர் முடிந்தபின் உல்லாசப் பயணிகள் பெருகியதால் வாவிக்கரை பூங்காவாக மாறியது. நடைபாதையும் விளக்கும் இருக்கைகளும் வந்தன. கரை அழகுபெற்றது குறித்து மகிழவேண்டும். ஆனால் ஓயாவுக்கு அந்த மகிழ்ச்சியில் பங்கு கிடைத்ததாகத் தெரியவில்லை. ஓயாவை மீட்பதானால் வேலை மேலிருந்து தொடங்கவேண்டும். சரிவிலே பாத்திகள் படிக்கட்டுப்போல் அமைந்து, இடையிடையே புல்வரம்பும் மண்குழியும் வேண்டும். இவை தோட்டத்துத் தொழிலாளரின் பாட்டன்மார் கைபழகிய வேலைகளே. ஓயாவின் இருகரையிலும் சிறிது நிலம் கிண்டப்படாமலும் கட்டப்படாமலும் இருத்தல் வேண்டும். வாவி தொடங்கும் இடத்திலே பழைய சதுப்பில் ஒரு சிறு பகுதியையேனும் நாணலும் கோரையும் வளர மீண்டும் விட்டுவிடலாம்; 1873-இல் மூழ்கடித்த வேலைக்காரனை மீண்டும் பணிக்கு அழைப்பது போன்றது அது. லயங்களுக்கும் புதிய தோட்டக் குடியிருப்புகளுக்கும் முறையான மலசலகூடமும் கழிவுநீர் வழியும் வேண்டும். 1916-இல் வைத்தியர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதுவே.

இவற்றிலே செலவுக்குரிய பெரும்பங்கை யார் ஏற்பது என்பதுதான் தீராத வழக்கு. வாவியால் வருவாய் பெறுவோர் நகரத்தில் இருக்கின்றனர். மண்ணைத் தடுக்கவேண்டிய கமக்காரன் மலையில் இருக்கின்றான். ஒரு பாத்தியைப் படிக்கட்டாக்கினால் அவனுக்கு நிலம் குறையும். அந்த ஆண்டு வருவாயும் குறையும். கரையில் விளக்கு நாட்டும் பணத்தில் ஒரு பங்கு அவனுடைய வரப்புக்குச் செல்லுமானால் அவன் மறுப்பான் என்று எண்ண இடமில்லை. சட்டத்தைக் காட்டி அவனை அச்சுறுத்துவதைவிட அது பயனுடைய வழி.

ஓயாவின் பிறப்பிடம் மட்டும் இன்னும் காக்கப்பட்டிருக்கின்றது. 1982-இல் பிதுருதலாகல உச்சியிலே தொலைக்காட்சிப் பரப்பும் நிலையம் அமைந்தது. அதன்பின் அம்மலைக்குப் படைக்காவல் வந்தது. விரும்பியவர் விரும்பியபடி ஏறமுடியாத நிலை உண்டாயிற்று. கருவிக்காகப் போட்ட காவல் காட்டையும் காத்தது. அக்காட்டு எல்லைக்குள்ளே, பாசிபடர்ந்த மரங்களின் அடியில், தலாகல ஓயா குளிர்ந்த தெளிந்த நீராகக் கல்மேல் விழுந்து ஓடுகின்றது. அங்கிருந்து முதல் மரக்கறிப் பாத்திக்கு நடந்து இறங்கச் சிறிது நேரமே போதும். அதிலிருந்து நகரத்துப் பாலத்துக்கும் அவ்வளவே.